நிறுத்துவதா, ஓட்டுவதா? தோட்டப் போராட்டங்களும் இன்றைய உணவு விநியோக ரைடர்களும்

வரலாறு வளக்கட்டுரை: நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்



போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம். ஈப்போ புந்தோங் பக்கம் இருக்கும் என் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு வந்த ரைடர், தலைக்கவசத்தைக் கழற்றியதும் "சார், என்னைத் தெரியுதா?" என்று கேட்டார். தெரியாமல் என்ன? சில வருடங்களுக்கு முன் என்னிடம் வரலாறு படித்தவர்தான். பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு அவர் கேட்ட கேள்வியே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

"குருப்ல எல்லாரும் ஒரு நாள் ஆப்பை மூடிட்டு நிப்போம்னு பேசுறாங்க சார். பெட்ரோல், டயர், மோட்டார் தவணை எல்லாம் போக கையில ஒன்னும் நிக்க மாட்டேங்குது. ஆனா நான் நின்னு, பக்கத்துல இருக்கறவன் ஓடினா எனக்குத்தானே நட்டம்? நீங்கதான் தோட்டத்து ஸ்டிரைக்கு பத்தி எல்லாம் பாடம் நடத்துனீங்க. சொல்லுங்க, நிக்கலாமா, வேணாமா?"

அவருடைய பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு வாசலில் நின்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் வாப்பா, உக்காந்து பேசுவோம்" என்றேன். அன்றிரவு நான் குறித்து வைத்ததைத்தான் இங்கே விரிவாகத் தருகிறேன். பாடநூலில் 'மோகோக்' என்ற ஒரு சொல்லில் கடந்து போகும் விஷயம், ஒரு இளைஞனின் ஒரு நாள் வருமானமாக நம் வாசலில் வந்து நிற்கிறது. அதற்கு வரலாறு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

எடை போட நம்மிடம் ஒரு அளவுகோல் இருக்கிறது. திருக்குறளில் தெரிந்துசெயல்வகைக்கு அடுத்து மூன்று அதிகாரங்கள் வரிசையாக வரும்: வலியறிதல், காலமறிதல், இடனறிதல். போருக்குப் போகும் மன்னனுக்குச் சொன்னவை என்றாலும், வேலையை நிறுத்தலாமா என்று யோசிக்கும் தொழிலாளிக்கும் இவை அப்படியே பொருந்தும். நம் பலம் என்ன, எதிரே இருப்பவர் பலம் என்ன? நேரம் சரியா? நிற்கும் இடம் நமக்குச் சாதகமா?

1. தோட்டத்தில் கூலி எப்படி வந்தது?

பேராக்கில் ரப்பர் கதை கோலகங்சாரில் தொடங்குகிறது. 1877-இல் அங்கே ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே காக்கப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வாகன டயருக்காக உலகம் ரப்பரைத் தேட, காடுகள் தோட்டங்களாயின. மரம் வெட்டத் தமிழகத்திலிருந்து ஆள்கள் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிவுக்கு வந்தது. அதன்பின் கங்காணி முறையே முக்கிய வழியாயிற்று.

விடியுமுன் பெரட்டு. கிராணி பெயர் கூப்பிடுவார், செக்ரோலில் குறிப்பார். மண்டோர் நிரை பிரித்துக் கொடுப்பார். மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் மரம் வெட்ட முடியாது. பால் மங்கில் விழாமல் பட்டையெல்லாம் பரவிவிடும். வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. ஆக, மழை என்ற நட்டத்தைச் சுமந்தவர் முதலாளி அல்ல, தொழிலாளிதான்.

உலகச் சந்தையில் விலை விழுந்தாலும் இதே கதை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கூலி வெட்டப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இந்திய அரசின் சார்பில் வந்து பார்த்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, 1937-இல் வெளிவந்த அறிக்கையில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய நாள் கூலியைத் திரும்பக் கொடுக்கும்படி சொன்னார். மறு ஆண்டே தோட்ட நிர்வாகங்கள் மீண்டும் கூலியைக் குறைத்தன. 1938-இல் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்கு வரும் உடலுழைப்புத் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது.

மாணவர்களே, இந்தத் தடையின் விளைவைக் கவனியுங்கள். புதிய ஆள் வரத்து நின்றது. அதுவரை "நீ போனா நூறு பேர் கப்பல்ல வருவான்" என்று சொல்ல முடிந்த நிர்வாகத்துக்கு இனி அப்படிச் சொல்ல முடியவில்லை. தோட்டத் தொழிலாளியின் வலி அங்கே ஒரு படி கூடியது.

2. 1941: சைக்கிளில் இருந்து இறங்க மாட்டோம்

நாட்டின் பெரிய தோட்டப் போராட்டம் பேராக்கில் அல்ல, சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத்தில் நடந்தது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளாமல் பேராக் கதை புரியாது.

1941-இன் முற்பாதியில், ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழிகாட்டலில் தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது. ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ரப்பருக்கு நல்ல கிராக்கி. சீனத் தொழிலாளிக்கு நாளுக்கு 70 காசுக்கு மேல் கிடைக்க, இந்தியத் தொழிலாளிக்கு 50 காசுதான். சம கூலி என்பது முதல் கோரிக்கை. ஆனால் பட்டியல் அதோடு நிற்கவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் தகாத முறையில் நடப்பதற்கு முற்றுப்புள்ளி, உறவினர் தோட்டத்துக்குள் வந்து போக உரிமை எல்லாம் அதில் இருந்தன.

இன்னொன்றும் இருந்தது. துரையையோ கிராணியையோ எதிரில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். இறங்காமல் ஓட்டிச் செல்ல அனுமதி வேண்டும் என்று தொழிலாளர் கேட்டார்கள். இரண்டு சக்கரத்தில் போகும் மனிதனுக்கும் மரியாதை உண்டு என்ற கோரிக்கை அது. இந்த வரியைச் சொன்னபோது என் பழைய மாணவர் சிரித்தார். "இப்பவும் சில கொண்டோல ரைடருக்கு மெயின் லிப்ட் கிடையாது சார், பின்னால போகச் சொல்வாங்க" என்றார்.

முடிவு என்ன ஆனது? முதல் கட்டத்தில் சிறு கூலி உயர்வு கிடைத்தது. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட, இரண்டாம் அலை எழுந்தது. அவர் பின்னர் நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர், பலர் சிறைப்பட்டனர்.

இதைக் குறள் அளவுகோலில் வைத்துப் பாருங்கள். வலி இருந்தது, லயமே ஒன்றாக நின்றது. இடமும் சாதகம், எல்லாரும் ஒரே பெரட்டுக் களத்தில் கூடுகிறவர்கள். காலம் மட்டும் இரண்டு பக்கமும் கூரான கத்தி. போர்க்கால ரப்பர் விலை தொழிலாளிக்குப் பேரம் பேசும் பலம் கொடுத்தது. அதே போர்க்காலம்தான் அரசுக்கு "ரப்பர் நின்றால் போர் முயற்சி நிற்கும்" என்று சொல்லிப் படையை இறக்கவும் காரணம் கொடுத்தது.

3. 1948: சுங்கை சிப்புட்

இப்போது பேராக்குக்கு வருவோம். ஜப்பானியர் ஆட்சிக்குப் பின் அரிசித் தட்டுப்பாடும் விலைவாசியும் மக்களை வாட்டின. 1946, 1947-இல் நாடெங்கும் வேலைநிறுத்தங்கள். தொழிற்சங்கங்கள் வேகமாக வளர்ந்தன. அவற்றில் கம்யூனிஸ்டுக் கட்சியின் செல்வாக்கு வலுவாக இருந்தது என்பதைப் பாடநூலும் சொல்கிறது. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக எஸ்.ஏ. கணபதி என்ற தமிழர் இருந்தார்.

1948-இன் நடுவில் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. வெவ்வேறு தொழில்களின் சங்கங்கள் ஒரே சம்மேளனத்தில் சேரத் தடை வந்தது. அந்தத் தொழிலில் மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவரே சங்கப் பொறுப்பில் இருக்கலாம் என்ற விதியும் வந்தது. சம்மேளனம் சட்டப்படி இயங்க முடியாமல் போயிற்று.

ஜூன் 16 காலை, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். பேராக், ஜொகூரின் சில பகுதிகளில் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் ஜூன் 18-இல் மலாயா முழுவதற்கும் விரிந்தது. பாடநூல் 'டாருராட்' என்று சொல்வது இதைத்தான். அது 1960 வரை நீடித்தது. கணபதி துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4-இல் தூக்கிலிடப்பட்டார்.

தேர்வில் இந்தப் பகுதியை எழுதும்போது மாணவர்கள் பொதுவாக மூன்று கொலை, ஒரு பிரகடனம் என்று நிறுத்திவிடுவார்கள். ஒரு படி மேலே போங்கள். ஆயுதம் ஏந்தாத, கூலியும் மழைநாள் சம்பளமும் மட்டுமே கேட்ட சாதாரணத் தோட்டத் தொழிலாளிக்கு என்ன நேர்ந்தது? சங்கம் என்ற சொல்லே ஆபத்தான சொல்லாக மாறியது. பெரட்டில் வாய் திறந்தால் பெயர் போகும் என்ற பயம் லயத்துக்குள் வந்தது. ஒரு சிலர் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் விலையை, பேச்சுவார்த்தையைத் தேர்ந்தெடுத்திருக்கக்கூடிய பல்லாயிரம் பேர் கொடுத்தார்கள்.

அதன்பின் சங்கம் வேறு வடிவில் மீண்டது. 1954-இல் பேராக் உட்படப் பல மாநிலச் சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளர். எதிரில் தோட்ட முதலாளிகளின் சங்கம், நடுவில் ஒரு மேசை, மேசையில் கூட்டு ஒப்பந்தம். மெதுவாக நடந்த வேலைதான். மாதச் சம்பளம் கேட்டு 1990-இல் அந்தச் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. மாதத்துக்கு இவ்வளவு உறுதி என்ற ஏற்பாடு 2001-இல்தான் எழுத்தில் வந்தது. மழைக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அத்தனை பத்தாண்டுகள்!

4. லயத்திலிருந்து தாமானுக்கு

அந்தப் பதில் வருமுன்பே தோட்டங்கள் கரையத் தொடங்கிவிட்டன. 1950-களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்க, அவை துண்டு துண்டாகக் கைமாறின. துண்டாடல் என்று இதைச் சொல்வோம். வேலையோடு வீடும் போகும் என்பதுதான் இதில் கொடுமை. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து தோட்டத்தைத் தாங்களே வாங்கும் முயற்சி. பின்னாளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்ச் சில இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்துப் பிள்ளைகள் புந்தோங், சிலிபின், குனோங் ராப்பாட், செம்மோர் என்று பரவினார்கள். தொழிற்சாலை, லாரி, பாதுகாவலர் வேலை, இப்போது மோட்டாரும் முதுகுப்பெட்டியும்.

5. ரைடர்கள் ஏற்கெனவே நின்று பார்த்த கதை

வேலையை நிறுத்தும் பேச்சு ரைடர்களுக்குப் புதிதல்ல. 2019-இல் ஃபூட்பாண்டா மணிக்கணக்கு அடிப்படை ஊதியத்தை எடுத்துவிட்டு, ஆர்டர் கணக்கில் மட்டும் பணம் தரும் முறைக்கு மாறியபோது ரைடர்கள் பல இடங்களில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2022 ஆகஸ்டில் 24 மணி நேரம் ஆர்டர் எடுக்காமல் இருக்கும்படி சமூக ஊடகங்கள் வழியே நாடு தழுவிய அழைப்பு வந்தது. குறையும் கட்டணம், அடிப்படை ஊதியம் இல்லாமை, விபத்துக் காப்பு ஆகியவை கோரிக்கைகள். சிலர் நின்றார்கள், சிலர் ஓடினார்கள். நாடு அன்று ரைடர்களைப் பற்றிப் பேசியது உண்மை. ஆனால் எந்த மேசையிலும் ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. காரணம், மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார ஒப்புக்கொள்ளப்பட்ட சங்கம் இல்லை. அந்தப் பக்கம் "நான்தான் முதலாளி" என்று சொல்ல ஆளும் இல்லை.

இங்கேதான் சட்டச் சிக்கல். 1967 தொழிலியல் உறவுச் சட்டத்தில் வேலைநிறுத்தம் என்பது தொழிலாளர்கள் சேர்ந்து வேலையை நிறுத்துவது. தொழிலாளர் என்றால் வேலை ஒப்பந்தத்தில் முதலாளியிடம் இருப்பவர். 1959 தொழிற்சங்கச் சட்டப்படி சங்கம் ரகசிய வாக்கெடுப்பு நடத்தி, வாக்களிக்கத் தகுதியுள்ள உறுப்பினரின் போதிய ஆதரவு பெற வேண்டும். முடிவைப் பதிவதிகாரியிடம் கொடுத்து ஏழு நாள் காத்திருக்கவும் வேண்டும். ரைடரோ நிறுவனத்தின் ஆவணத்தில் "பங்காளி". 2021-இல் செயலிவழிக் கார் ஓட்டுநர் ஒருவரின் வழக்கில் உயர் நீதிமன்றம், அவர் இந்தச் சட்டத்தின் பொருளில் தொழிலாளர் அல்ல என்ற நிலைப்பாட்டையே ஏற்றது. ஆப்பை மூடி வைப்பது குற்றமல்ல. ஆனால் சட்டப்படி வேலைநிறுத்தம் செய்பவருக்கு உள்ள பாதுகாப்பும் அதற்குக் கிடைக்கும் என்று நம்பி இறங்க முடியாது.

உலகமும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021-இல் ஊபர் ஓட்டுநர்களைத் தொழிலாளர் என்றது. அதே நீதிமன்றம் 2023-இல், டெலிவரூ ரைடர்கள் தமக்குப் பதில் வேறு ஆளை அனுப்பலாம் என்பதைக் காட்டி, கூட்டுப் பேர உரிமைக்கு அவர்கள் தகுதி பெறவில்லை என்றது.

நம் நாட்டில் மாற்றம் மெல்ல வருகிறது. 2017 சட்டத்தின் வழி சுயதொழில் செய்வோருக்கும் சொக்சோ பாதுகாப்பு வந்தது, பின்னர் ரைடர்களும் அதில் சேர்ந்தார்கள். 2025 ஆகஸ்டில் மக்களவையும் செப்டம்பரில் மேலவையும் கிக் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றின. ரைடர் ஊழியரும் அல்ல, தனி வியாபாரியும் அல்ல, மூன்றாவது வகை என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. தகராறுக்குத் தீர்ப்பாயம், கட்டணம் முதலியவற்றைப் பேச ஆலோசனை மன்றம், கட்டாயச் சமூகப் பாதுகாப்பு ஆகியவை அதன் முக்கிய அம்சங்கள். மேசை என்று ஒன்று இப்போதுதான் போடப்படுகிறது.

6. எடை போட்டுப் பார்ப்போம்

வலி: தோட்டத்தில் ஒருவர் நின்றால் அவர் நிரை நின்றது. மண்டோர் உடனே வேறு ஆளைக் கொண்டுவர முடியாது. ஈப்போவில் ஒரு ரைடர் நின்றால் அவர் ஆர்டர் அடுத்த ரைடருக்கு நொடியில் போகும். அதுவும் ஆள் குறைந்த நேரத்தில் ஓடுபவருக்கு வருமானம் கூடும். அதாவது நிற்பவரின் தியாகமே ஓடுபவரின் லாபமாகிறது. 1941 தொழிலாளிக்கு இந்தச் சோதனை இவ்வளவு கடுமையாக இல்லை.

காலம்: தோட்டத்துக்கு மழை என்றால் வேலை இல்லை. ரைடருக்கு மழை என்றால் ஆர்டர் கொட்டும், ஆபத்தும் கொட்டும். நிறுவனத்துக்கு நட்டம் தரும் நேரமும் ரைடருக்கு நல்ல வரும்படி தரும் நேரமும் ஒன்றே. ஆகவே ஒரு நாள் நிறுத்தம் யாருக்கு அதிகம் வலிக்கும் என்று முதலில் கணக்குப் போட வேண்டும்.

இடம்: இதுதான் பெரிய வித்தியாசம். ரைடர்களுக்குப் பெரட்டுக் களம் கிடையாது. யார் நிற்கிறார், யார் ஓடுகிறார் என்று ஒருவருக்கொருவர் தெரியாது. நிறுவனத்தின் திரைக்கு மட்டும் எல்லாம் தெரியும். லயத்தில் அரிசி இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீடு ஒரு படி அளந்தது. வாட்சப் குருப்பில் கட்டைவிரல் காட்டுபவர் நாளைக்கு நம் மோட்டார் தவணையைக் கட்ட மாட்டார்.

7. நான் சொன்ன பதில்

மறுநாள் சாயங்காலம் வந்த மாணவரிடம் நான் "நில்" என்றும் சொல்லவில்லை, "ஓடு" என்றும் சொல்லவில்லை. சம்பளம் வாங்கும் ஆசிரியர் நான். அவருடைய ஒரு நாள் வருமானத்தை வைத்து வீரம் பேச எனக்கு உரிமை இல்லை. வரலாறு கேட்கச் சொல்லும் கேள்விகளை மட்டும் கேட்டேன். உங்க குருப்ல எத்தனை பேரை நேர்ல பார்த்திருக்க? கோரிக்கையை எழுத்துல வச்சிருக்கீங்களா? அதை யார்கிட்ட கொடுக்கப் போறீங்க? ஒரு நாள் நின்ன பிறகு, மறுநாள் என்ன?

"கடைசிக் கேள்விக்குத்தான் சார் யார்கிட்டயும் பதில் இல்ல" என்றார்.

"அப்போ நிக்கறது இரண்டாவது வேலை, கூடுறது முதல் வேலை" என்றேன். 1941-இல் சங்கம் முதலில் வந்தது, நிறுத்தம் பிறகு வந்தது. 1948-இல் சங்கம் போனது, பேரமும் போனது. 1954-இல் சங்கம் திரும்பியது, மழைநாள் சம்பளக் கேள்வியும் மேசைக்குத் திரும்பியது. வரிசை இதுதான்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை காலைல ஆர்டர் கம்மி சார். பத்துப் பேரையாவது ஒரு கடையில உக்கார வைக்கப் பாக்கறேன்" என்று சொல்லி மோட்டாரை முடுக்கினார். பெரட்டுக் களம் இல்லாதவர்கள் தங்களுக்கென்று ஒரு களத்தைத் தேடத் தொடங்குகிறார்கள் என்று எனக்குப் பட்டது. அவர்கள் நிற்பார்களோ, பேசுவார்களோ, அதை அவர்களே முடிவு செய்யட்டும்.

வகுப்பறைக்கு

நினைவில் வைக்க வேண்டிய ஆண்டுகள்:
1910: ஒப்பந்தக் கூலிமுறை முடிவு
1938: உதவி பெற்ற குடியேற்றத்துக்கு இந்தியாவின் தடை
1941: கிள்ளான் வட்டார வேலைநிறுத்தங்கள்
1948: தொழிற்சங்கச் சட்டத் திருத்தம், சுங்கை சிப்புட் சம்பவம், அவசரகாலம்
1954: தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம்
1960: தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்
2025: கிக் தொழிலாளர் சட்டம்

உயர்நிலைச் சிந்தனை வினாக்கள்:
1. 1938 குடியேற்றத் தடை, 1941 வேலைநிறுத்தத்துக்கு எவ்வாறு துணை செய்திருக்கலாம்? இரண்டு காரணங்களோடு விளக்குக.
2. 1941 கோரிக்கைகளில் கூலி சார்ந்தவை, மரியாதை சார்ந்தவை எனப் பிரித்து, இன்றைய ரைடர்களின் கோரிக்கைகளோடு ஒப்பிடுக.
3. "அவசரகாலம் கம்யூனிஸ்டுகளை மட்டும் பாதிக்கவில்லை." இக்கூற்றைத் தோட்டத் தொழிலாளர் நோக்கில் ஆராய்க.

ஆசிரியர்களுக்கு ஒரு சிறு யோசனை: மூன்றாவது வினாவுக்குமுன் மாணவர்களை வீட்டில் தாத்தா, பாட்டியிடம் பெரட்டு, செக்ரோல், மழைநாள் பற்றிக் கேட்டு வரச் சொல்லுங்கள். தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அவர்களிடம் கேட்க வேண்டிய நேரம் இது.